அடுத்து யார்? ரோமானோவ் வம்சம் எழுந்த கதையும் விழுந்த கதையும்

ஜார் என்ற சொல் தமிழருக்குப் புதிதல்ல. 1917இல் ரஷ்யாவின் ஜார் விழுந்த சேதி கேட்டு, புதுச்சேரியில் இருந்த பாரதியார் பாட்டே கட்டினார். ஆனால் விழுந்த அந்தக் குடும்பம் எது, அரியணைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டால் பலருக்கும் ரஸ்புடின், அனஸ்தேசியா என்ற இரண்டு பெயர்களுக்கு மேல் ஞாபகம் வராது. அந்த இருவரும் கடைசி அத்தியாயத்து ஆட்கள். அதற்கு முன்னால் முந்நூறு வருடம் கிடக்கிறது.

1613 முதல் 1917 வரை 304 ஆண்டுகள், 18 ஆட்சியாளர்கள். எல்லாப் பெயர்களையும் வரிசையாக ஒப்பிக்கப் போவதில்லை. ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மொத்தக் கதையும் பிடிபட்டுவிடும் என்பது என் எண்ணம். ராஜா கண்ணை மூடியதும் அரண்மனையில் எழுகிற கேள்விதான் அது: அடுத்து யார்? ரோமானோவ்கள் ஆட்சிக்கு வந்ததே இதற்குப் பதில் கிடைக்காமல் நாடு தவித்ததால்தான்.

உள்ளே போகுமுன் இரண்டு சின்ன விஷயங்கள். ரோமாபுரியின் சீசர் என்ற பெயர் திரிந்து வந்ததுதான் ஜார். 1547இல் நான்காம் இவான், அதாவது 'கொடூர இவான்', முதன்முதலாக ஜார் என்று முடிசூட்டிக்கொண்டான். இன்னொன்று தேதிக் குழப்பம். ரஷ்யா 1918 வரை பழைய ஜூலியன் காலண்டரையே வைத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது நம் காலண்டரைவிட 13 நாள் பின்னால் ஓடியது. அதனால்தான் 'பிப்ரவரிப் புரட்சி' நம் கணக்கில் மார்ச் மாதத்தில் வருகிறது. இங்கே நான் தருவது நம் காலண்டர் தேதிகள்.

மடத்தில் ஒளிந்திருந்த பையன்

ரோமானோவ்களுக்கு முன்னால் ரூரிக் வம்சம் ஆண்டது. அந்த வம்சத்தின் வேரில் வெந்நீர் ஊற்றியது கொடூர இவானேதான். 1581இல் ஆத்திரத்தில் மூத்த மகனை அடித்தான், அடிபட்டவன் பிழைக்கவில்லை. மிஞ்சிய மகன் ஃபியோதர் சாதுவானவன், ஆட்சியில் நாட்டமில்லாதவன். 1598இல் வாரிசு இல்லாமலே அவன் இறந்தான். கடைக்குட்டி திமீத்ரி ஏழு வருடத்துக்கு முன்பே சிறுவனாக இறந்துபோயிருந்தான்.

அப்புறம் நடந்த பதினைந்து ஆண்டுகளை ரஷ்யர்கள் 'குழப்பக் காலம்' என்கிறார்கள். ஃபியோதரின் மைத்துனன் போரிஸ் கோதுனோவ் அரியணை ஏறினான். 1601 முதல் 1603 வரை கோடையிலும் பனி கொட்டி, பயிர் அழிந்து, கொடும் பஞ்சம் வந்தது. 1600இல் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் வெடித்த எரிமலைதான் அந்தக் குளிருக்குக் காரணம் என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அன்றைய ரஷ்யக் குடியானவனுக்கு அது எப்படித் தெரியும்? உரிமை இல்லாதவன் அரியணையில் உட்கார்ந்ததால் தெய்வக் குற்றம் என்றுதான் நினைத்தான். அந்த நேரம் பார்த்து, "நான்தான் இறந்ததாகச் சொல்லப்பட்ட திமீத்ரி" என்று சொல்லிக்கொண்டு ஒருவன் போலந்திலிருந்து படையோடு வந்தான். நாட்டை ஓராண்டு ஆண்டும் விட்டான். அவனைக் கொன்ற பிறகு இரண்டாம் போலி திமீத்ரி, அவனுக்கும் பிறகு மூன்றாமவன். இதற்கிடையே போலந்துப் படையே மாஸ்கோவின் கிரெம்ளினுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர்களை விரட்டக் கிளம்பியது ஒரு கறி வியாபாரி. நிஷ்னி நோவ்கோரத் ஊரைச் சேர்ந்த குஸ்மா மீனின் பணம் திரட்டினார், பொஷார்ஸ்கி என்ற பிரபு படை நடத்தினார். 1612இல் மாஸ்கோ மீண்டது. செஞ்சதுக்கத்தில் இன்றும் இவர்கள் இருவருக்கும் சேர்த்துச் சிலை இருக்கிறது.

சரி, ஊர் மீண்டது. ராஜா? பிரபுக்கள், பாதிரியார்கள், நகரவாசிகள், கொசாக் வீரர்கள் என்று எல்லாத் தரப்பும் கூடிய மாமன்றம் 1613இல் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தது: மிகைல் ரோமானோவ், வயது 16. ஆம், ரோமானோவ்களின் முதல் ஜார் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இதைப் பின்னால் வந்த வாரிசுகள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

ஏன் இந்தப் பையன்? கொடூர இவானின் முதல் மனைவி அனஸ்தேசியாவின் அண்ணன் தம்பி வழியில் வந்த பேரன் என்பதால் பழைய வம்சத்தோடு உறவு இருந்தது. அனுபவமில்லாதவன், நம் சொல்லைக் கேட்பான் என்று பெரிய பிரபுக்கள் கணக்குப் போட்டார்கள். குழப்பக் காலத்தின் கறை எதுவும் அவன் மேல் படவில்லை. ரோமானோவ் என்ற பெயரும் அப்போது புதிதுதான். நாம் அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்வதுபோல, ரோமான் என்ற மூதாதையின் பெயர் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டு குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

மன்றத்தின் தூதர்கள் தேடிப் போனபோது பையன் கொஸ்த்ரோமா நகரின் இபாத்தியேவ் மடத்தில் தாயோடு தங்கியிருந்தான். தாய் மார்ஃபா முடியாது என்று அழுதாள். முந்தைய ஜார்களுக்கு விசுவாசம் காட்டுவதாகச் சத்தியம் செய்துவிட்டு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்விதானே? கணவர் போலந்தில் சிறையில் இருக்கிறார், இருப்பது ஒரே மகன். பல மணி நேரம் மன்றாடித்தான் சம்மதிக்க வைத்தார்கள். இபாத்தியேவ் என்ற அந்தப் பெயரை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

பிரபுக்களோடு போட்ட கணக்கு

அரியணை கிடைத்தால் போதாது, அதைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். ஜாருக்குப் பிரபுக்கள் படைச் சேவை செய்தார்கள். பதிலுக்கு நிலமும், நிலத்தில் உழைக்கும் குடியானவர்களும் அவர்களுக்குக் கிடைத்தார்கள். மிகைலின் மகன் அலெக்ஸி 1649இல் கொண்டுவந்த சட்டத் தொகுப்பு இந்த ஏற்பாட்டைக் கல்லில் வெட்டியது. அதற்கு முன் பண்ணையை விட்டு ஓடிய குடியானவனைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் பிடிக்காவிட்டால் அவன் தப்பித்தான். இனிமேல் எப்போது பிடித்தாலும் அவன் பழைய எஜமானுக்கே சொந்தம். அவன் பிள்ளைகளும் அப்படியே. இதைத்தான் பண்ணையடிமை முறை என்கிறோம். ரோமானோவ் ஆட்சியின் பலமும் இதுதான், அதை அரித்த கரையானும் இதுதான். 1670இல் ஸ்தெங்கா ராஸின், 1773இல் புகச்சோவ் என்று கலகங்கள் வெடித்துக்கொண்டே இருந்தன.

அலெக்ஸியின் பிள்ளைகளிடம் 'அடுத்து யார்' கேள்வி மறுபடியும் தலைதூக்கியது. 1682இல் இரண்டு சிறுவர்களை ஒரே நேரத்தில் ஜார் ஆக்கினார்கள்: நோயாளியான ஐந்தாம் இவான், பத்து வயது பீட்டர். ஆட்சியை நடத்தியது அக்கா சோஃபியா. அந்த இரட்டை அரியணை இன்னும் கிரெம்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னாலிருந்து பையன்களுக்கு என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அதில் ஒரு திறப்பு உண்டு.

அந்தப் பத்து வயதுப் பையன்தான் மகா பீட்டர். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம். 1697இல் ஐரோப்பாவுக்குப் போய் நெதர்லாந்தின் கப்பல் பட்டறையில் தச்சனோடு தச்சனாக வேலை பார்த்தார். திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பிரபுக்களின் தாடியைத் தன் கையாலேயே வெட்டினார். தாடி வேண்டும் என்பவர்கள் வரி கட்ட வேண்டும். கட்டியதற்கு அடையாளமாக வில்லை ஒன்று கொடுத்தார்கள். 1703இல் சதுப்பு நிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரை எழுப்பத் தொடங்கினார். அதற்குக் கூலியாட்கள் கொடுத்த உயிர்விலை பெரிது. 1709இல் பொல்தாவாவில் ஸ்வீடன் படையை நொறுக்கினார். 1721இல் சக்கரவர்த்தி பட்டம். அதுவரை மாஸ்கோவின் ஜார்கள். இனி ரஷ்யப் பேரரசு.

ஆனால் வாரிசு விஷயத்தில் பீட்டர் சறுக்கினார். சறுக்கினார் என்பது மென்மையான சொல். தன் சீர்திருத்தங்களை வெறுத்த மகன் அலெக்ஸியைத் துரோகி என்று சிறையில் அடைத்தார். சித்திரவதைக்குப் பிறகு 1718இல் மகன் சிறையிலேயே இறந்தான். 1722இல் புதுச் சட்டம் வந்தது: அடுத்த வாரிசு யார் என்பதை ஆளும் சக்கரவர்த்தியே நியமிப்பார். சட்டம் போட்டவர் யாரையும் நியமிக்காமலே 1725இல் இறந்துபோனார்!

பெண்கள் ஆண்ட காலம்

1725க்கும் 1796க்கும் இடைப்பட்ட 71 ஆண்டுகளில் அறுபத்தைந்துக்கும் மேல் ரஷ்யாவை ஆண்டவர்கள் பெண்கள். முற்போக்கு என்று அவசரப்பட வேண்டாம். விதி இல்லாததால் அரண்மனைக் காவல் படை யார் பக்கமோ அவர்களுக்கே கிரீடம் என்று ஆகிவிட்டது. பால்டிக் கரையோர லிவோனியாவில் வேலைக்காரியாக இருந்து பீட்டரின் மனைவியான முதலாம் கேத்தரினை முதலில் உட்கார வைத்ததும் அந்தப் படைதான். பீட்டரின் பேரன் இரண்டாம் பீட்டர் 1730இல், தன் கல்யாணத்துக்குக் குறித்த நாளிலேயே, 14 வயதில் அம்மை கண்டு இறந்தான். அவனோடு ரோமானோவ்களின் நேரடி ஆண் வழி அறுந்தது. பின்னால் வந்த மூன்றாம் பீட்டரும் அவர் வழியினரும் பெண் வழியாகத்தான் ரோமானோவ்கள். தந்தை வழியில் ஜெர்மானிய ஹோல்ஸ்டீன் குடும்பம்.

இந்தக் காலத்தின் விலை எவ்வளவு என்று தெரிய ஆறாம் இவானைப் பார்த்தால் போதும். 1740இல் இரண்டு மாதக் குழந்தையாகச் சக்கரவர்த்தி ஆனான். ஓராண்டில் மகா பீட்டரின் மகள் எலிசபெத் காவல் படையோடு வந்து ஆட்சியைப் பிடித்தார். குழந்தை சிறைக்குப் போனது, வளர்ந்ததும் சிறையில்தான். யாராவது விடுவிக்க முயன்றால் உடனே கொன்றுவிட வேண்டும் என்று காவலருக்கு உத்தரவு. 1764இல் ஒரு இளம் ராணுவ அதிகாரி அப்படி முயன்றான். உத்தரவு நிறைவேறியது. இவானுக்கு அப்போது 23 வயது.

எலிசபெத்துக்குப் பின் அக்கா மகன் மூன்றாம் பீட்டர். ஆறு மாதம்தான் அவர் ஆண்டார். 1762இல் அவர் மனைவியே காவல் படையின் துணையோடு அவரை இறக்கினார். சில நாளில் அவர் 'மூல நோயால் வந்த வயிற்றுவலியில்' இறந்ததாக அரசு அறிவித்தது. நம்பியவர்கள் குறைவு. அந்த மனைவிதான் மகா கேத்தரின். உடம்பில் ஒரு சொட்டு ரோமானோவ் ரத்தம் இல்லாத ஜெர்மன் இளவரசி. 34 ஆண்டு ஆண்டார். கிரிமியாவைச் சேர்த்தார், போலந்தைப் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் பங்கு போட்டுக்கொண்டார், பிரெஞ்சு அறிஞர்களோடு கடிதம் எழுதிக்கொண்டார். பண்ணையடிமைகளின் நிலை மட்டும் அவர் காலத்தில் இன்னும் மோசமானது. மூன்றாம் பீட்டர் தன் குறுகிய ஆட்சியில் பிரபுக்களைக் கட்டாயச் சேவையிலிருந்து விடுவித்திருந்தார். பழைய கணக்கின்படி பார்த்தால் பிரபுவுக்குச் சேவை இல்லையென்றால் குடியானவனுக்கும் அடிமைத்தனம் இருக்கக்கூடாது. குடியானவன் அப்படித்தான் நினைத்தான். புகச்சோவ் கலகத்தைத் தொடங்கியபோது "நான்தான் சாகாமல் தப்பிய மூன்றாம் பீட்டர்" என்று சொன்னது சும்மா இல்லை.

பாவெல் போட்ட பூட்டு

தாயை வெறுத்த மகன் பாவெல், 1797இல் தான் முடிசூடிய நாளிலேயே வாரிசுச் சட்டத்தை அறிவித்தார். மூத்த மகன், அவன் இல்லையென்றால் அவன் ஆண் வழி, அப்புறம் அடுத்த தம்பியின் வழி. ஆண் வழிகள் எல்லாம் அற்றுப்போனால் மட்டுமே பெண்களுக்கு இடம். இன்னொரு கேத்தரின் வரக்கூடாது என்று கதவுக்குப் போட்ட பூட்டு அது. பாவெலை அது காப்பாற்றவில்லை. 1801 மார்ச்சில் படுக்கையறையிலேயே அதிகாரிகள் அவரை அடித்து, கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். சதி நடப்பது மகன் அலெக்சாந்தருக்குத் தெரியும். சாவதற்கு இரண்டு மாதம் முன்பு இந்தியாவைப் பிரிட்டிஷாரிடமிருந்து பிடிக்கச் சொல்லி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கொசாக் வீரர்களை பாவெல் அனுப்பி வைத்திருந்தார். சரியான வரைபடம்கூடக் கையில் இல்லை. அவர் இறந்த சேதி போனதும் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள்.

ஆனாலும் சட்டம் நின்றது. அடுத்த நூறாண்டு ஓரளவு ஒழுங்காகவே போயிற்று. முதலாம் அலெக்சாந்தர் நெப்போலியனை விரட்டி 1814இல் பாரிசுக்குள் நுழைந்தார். 1825இல் அவர் இறந்தபோது மட்டும் தடுமாற்றம். தம்பி கான்ஸ்தந்தீன் ரகசியமாக உரிமையை விட்டுக்கொடுத்திருந்தது வெளியே தெரியாது; அவர் பெயரில் உறுதிமொழி எடுத்த படைகளை மூன்று வாரத்தில் அடுத்த தம்பி நிக்கோலஸ் பெயரில் மறுபடி எடுக்கச் சொன்னார்கள். அந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி, சீர்திருத்தம் கேட்ட ராணுவ அதிகாரிகள் எழுப்பியதுதான் டிசம்பர்வாதிகளின் கலகம். நிக்கோலஸ் பீரங்கியால் அதை அடக்கினார், முப்பது ஆண்டு இறுக்கமாக ஆண்டார், கிரிமியப் போரில் தோற்கும் நிலையில் இறந்தார்.

அந்தத் தோல்விதான் மகன் இரண்டாம் அலெக்சாந்தரின் கண்ணைத் திறந்தது. கீழிருந்து வெடிப்பதற்கு முன் மேலிருந்தே அடிமை முறையை ஒழிப்பது நல்லது என்று பிரபுக்களிடம் சொன்னார். 1861இல் பிரபுக்களின் பிடியில் இருந்த சுமார் 2.3 கோடிப் பேர் விடுதலை பெற்றார்கள். ஆனால் தாங்கள் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்கு 49 ஆண்டுத் தவணை கட்ட வேண்டும். விடுதலையா, கடனா என்று குடியானவன் குழம்பியதில் வியப்பில்லை. 13 மார்ச் 1881இல் புரட்சியாளர்கள் அவர் வண்டி மேல் குண்டு வீசினார்கள். தப்பித்தவர் இறங்கி அடிபட்டவர்களைப் பார்க்கப் போனார். இரண்டாவது குண்டு அவர் காலடியில் வெடித்தது. அன்று காலையில்தான், மக்கள் பிரதிநிதிகளைக் கலந்தாலோசிக்கும் முதல் ஏற்பாடு ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார். மகன் மூன்றாம் அலெக்சாந்தர் அதைத் தூக்கி எறிந்தார். தாத்தா ரத்த வெள்ளத்தில் சாவதைக் குளிர்கால அரண்மனையில் நின்று பார்த்தவர்களில் 12 வயது நிக்கோலஸும் ஒருவன்.

கடைசி ஜார்

1894இல் இரண்டாம் நிக்கோலஸ் பட்டத்துக்கு வந்தபோது வயது 26. இளவரசராக இந்தியா, இலங்கை, ஜப்பான் என்று சுற்றியவர். ஜப்பானில் ஒரு போலீஸ்காரரே வாளால் வெட்ட, தலையில் காயத்தோடு தப்பியவர். குடும்பத்துக்கு அன்பான தகப்பன், மரியாதையான மனிதர். ஆள்வதற்கு இது போதவில்லை. 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில் என்ற இடத்தில் "ரஷ்ய மண்ணின் எஜமான்" என்று எழுதினார். அதில் கேலி எதுவும் இல்லை, நிஜமாகவே அப்படி நம்பினார்.

தொடக்கமே சரியில்லை. 1896 முடிசூட்டு விழாவில் பரிசுப் பொருள் வாங்க ஹொதின்கா மைதானத்தில் கூடிய கூட்டம் நெரிந்து, அரசுக் கணக்கிலேயே 1,389 பேர் இறந்தார்கள். அன்று இரவு பிரெஞ்சுத் தூதர் கொடுத்த நடன விருந்துக்கு ஜார் போனார். போகாமல் இருக்கத்தான் விரும்பினார், உறவினர் பேச்சைத் தட்ட முடியவில்லை என்பார்கள். ஊருக்குத் தெரிந்தது அவர் ஆடப் போனது மட்டும்தான். 1904இல் ஜப்பானோடு போர், அவமானத் தோல்வி. 22 ஜனவரி 1905இல் கபோன் பாதிரியார் தலைமையில் ஜார் படங்களையும் சாமி படங்களையும் ஏந்தி மனுக் கொடுக்க வந்த தொழிலாளர்கள் மேல் படை சுட்டது. நாடெங்கும் வேலைநிறுத்தம். வேறு வழியின்றி அந்த அக்டோபரில் தூமா என்ற நாடாளுமன்றத்துக்கு இசைந்தார். பிறகு அதன் சிறகுகளை ஒவ்வொன்றாக நறுக்கினார்.

இங்கே பாவெலின் பூட்டு திரும்ப வருகிறது. நிக்கோலஸுக்கும் அலெக்சாந்திராவுக்கும் வரிசையாக நான்கு பெண்கள். சட்டப்படி நால்வரும் கணக்கில் இல்லை. 1904இல் பிறந்த ஐந்தாவது குழந்தை அலெக்ஸிக்கு ஹீமோபீலியா: ரத்தம் உறையாத நோய். விக்டோரியா மகாராணியின் பேத்தியான தாய் வழியாக வந்தது. வாரிசுக்கு இப்படி ஒரு நோய் என்று வெளியே தெரியக்கூடாது என்று மறைத்தார்கள். மூடிய அந்தக் கதவுக்குள் நுழைந்தவர்தான் ரஸ்புடின், சைபீரியக் குடியானவர். அவர் பிரார்த்தித்தால் பிள்ளை தேறுகிறான் என்று தாய் நம்பினாள். நோய் ரகசியமாக இருந்ததால், இந்த ஆள் ஏன் அரண்மனைக்குள் திரிகிறான் என்பது மக்களுக்குப் புரியவில்லை. அசிங்கமான வதந்திகள் பரவின. ரஸ்புடினை மந்திரவாதி என்றும் சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்தவர் என்றும் பெரிதாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நோயை வெளியே சொல்லியிருந்தால் அந்த வதந்திகளில் பாதி பிறந்தே இருக்காது.

முதல் உலகப் போர் மிச்சத்தை முடித்தது. 1915இல் நிக்கோலஸ் தானே தலைமைத் தளபதி ஆகிப் போர்முனைக்குப் போனார். இனி ஒவ்வொரு தோல்வியும் அவர் பெயரில்தான் எழுதப்படும். தலைநகரில் மனைவியின் பேச்சுக்கு அமைச்சர்கள் மாறினார்கள்; ஒன்றரை ஆண்டில் நான்கு பிரதமர்கள். 1916 டிசம்பர் கடைசியில் ரஸ்புடினை ஜாரின் உறவினர்களும் சேர்ந்து கொன்றார்கள். ஒன்றும் மாறவில்லை. 8 மார்ச் 1917, மகளிர் தினம். ரொட்டிக்கு வரிசையில் நின்று அலுத்த பெட்ரோகிராட் (செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் புதுப் பெயர்) நகரப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். நாலு நாளில், சுடச் சொல்லி அனுப்பிய படையே அவர்கள் பக்கம் சேர்ந்தது.

ஜாரின் ரயில் தலைநகருக்கு வர முடியாமல் ப்ஸ்கோவ் நகரில் நின்றது. விலகிவிடுங்கள் என்று தளபதிகளே தந்தி அடித்தார்கள். 15 மார்ச். முதலில் மகனுக்கு விட்டுக்கொடுப்பதாக இருந்தார். மருத்துவரிடம் பிள்ளையின் நோயைப் பற்றி விசாரித்துவிட்டு மனம் மாறி, தம்பிக்கு எழுதிக் கொடுத்தார். மகனின் உரிமையைத் தகப்பன் விட்டுக்கொடுக்க பாவெலின் சட்டத்தில் இடமே இல்லை. அந்த நேரத்தில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? தம்பியின் பெயர் மிகைல். மறுநாள் அவர், மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை கேட்டுக்கொண்டால் மட்டுமே கிரீடத்தை ஏற்பேன் என்று கையெழுத்திட்டார். 1613இல் முதல் மிகைலுக்குக் கிடைத்ததைத்தான் இவர் கேட்டார். இந்த முறை யாரும் கூப்பிட வரவில்லை.

குடும்பத்தை முதலில் சைபீரியாவின் தபோல்ஸ்க், பிறகு யெக்கத்தரின்பர்க் நகரில் ஒரு பொறியாளரின் வீட்டில் அடைத்தார்கள். வீட்டுக்காரர் பெயர் இபாத்தியேவ். 17 ஜூலை 1918 அதிகாலை, நிலவறைக்கு அழைத்துப் போய், ஜார், மனைவி, ஐந்து பிள்ளைகள், மருத்துவர், பணிப்பெண், சமையல்காரர், வேலையாள் என 11 பேரையும், அதற்குள் ஆட்சியைப் பிடித்திருந்த லெனினின் போல்ஷெவிக் கட்சிக் காவலர்கள் சுட்டார்கள். பெண்பிள்ளைகளின் உள்ளாடையில் தைத்து வைத்திருந்த நகைகளில் குண்டுகள் பட்டுத் தெறித்ததால் சாவு சீக்கிரம் வரவில்லை. உடல்களைக் காட்டில் புதைத்து மறைத்தார்கள். "நான்தான் தப்பிய அனஸ்தேசியா" என்று, ஜாரின் கடைசி மகள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் பலர். திமீத்ரி காலத்து வழக்கம்தான். 1991இல் தோண்டியெடுத்த எலும்புகளும் 2007இல் கிடைத்த மீதியும், டிஎன்ஏ சோதனையில், யாரும் தப்பவில்லை என்று காட்டின.

இபாத்தியேவ் வீட்டை 1977இல் சோவியத் அரசு இடித்தது. அந்த இடத்தில் இப்போது தேவாலயம் நிற்கிறது. தப்பி வெளிநாடு போன உறவினர்களில் கிரில் என்பவர் 1924இல் தன்னையே சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்டார். அவர் வழியினரும் குடும்பத்தின் மற்ற கிளைகளும், வம்சத்தின் தலைமை யாருக்கு என்று இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அரியணை இல்லை, அரண்மனையெல்லாம் மியூசியம் ஆகிவிட்டது. வாதத்துக்கு அவர்கள் எடுத்துப் பிரிப்பது இன்னமும் பாவெல் 1797இல் போட்ட அந்தச் சட்டத்தைத்தான்.